மிச்சமுள்ள செல்லை டார்ச்சில் தீர்க்கலாம், கலந்து போட்டு அல்ல

இந்த வாரமும் ஒரு டார்ச் வந்தது. மூன்று டபுள் ஏ செல்களை வரிசையாகப் போடும் வகை. பின்மூடி கையால் திருகினால் அசையவே இல்லை. வைஸில் பிடித்துத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது, ஒரு செல் கசிந்து குழாயின் சுவரோடு இறுகிப்போயிருக்கிறது. ‘புதுசு ரெண்டு போட்டேன், பொம்மைக் கார்ல இருந்து எடுத்த பழசு ஒண்ணு சேர்த்தேன். மிச்சம் இருக்கிறது வீணாகக் கூடாதுன்னுதான்’ என்றார் கொண்டுவந்தவர். எண்ணத்தில் ஒரு தப்பும் இல்லை. செய்த விதம்தான் தப்பு. பழுதுபார்க்கும் மேசைக்கு இதே கதை திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கம் உள்ள நியாயம். கேமராவோ பொம்மையோ ‘பேட்டரி தீர்ந்தது’ என்று நின்றுவிட்டால், அந்தச் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தக் கருவி கேட்கும் வேகத்தில் கொடுக்க அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். பயன்படுத்தப் பயன்படுத்த செல்லின் உள்தடை, அதாவது செல்லே தன்னுள் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஏறும். உதாரணமாக, 1.35 வோல்ட் காட்டும் ஒரு செல்லின் உள்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 1 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் உள்ளேயே போய்விடும், வெளியே 0.85 வோல்ட்தான் வரும். கேமரா கையை விரித்துவிடும். அதே செல்லிலிருந்து 20 மில்லியாம்பியர் மட்டும் இழுத்தால் இழப்பு 0.01 வோல்ட். செல்லுக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆகவே மங்கலாக எரியும் ஒரு டார்ச்சில் அதைப் போட்டுத் தீர்ப்பது நல்ல யோசனைதான்.

சரி, கலந்து போட்டால் என்ன? ‘புதுசு பழசைத் தாங்கிக்கொள்ளும், ரெண்டும் சேர்ந்து சராசரியாக ஓடும்’ என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். நன்றாகப் படித்தவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். வரிசையாக அடுக்கிய செல்களில் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒவ்வொரு செல்லும் அதே அளவைக் கொடுத்தாக வேண்டும். இதில் சராசரி என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய செல்லில் 300 மில்லியாம்பியர் மணி (செல்லில் உள்ள மின்சக்தியின் அளவு) மிச்சம், புதியதில் 2,500 என்றால், 300 தீர்ந்ததும் பழையது காலி. ஆனால் மின்னோட்டம் நிற்காது. மற்ற இரண்டும் தெம்பாக இருப்பதால் காலியான செல்லின் ஊடாகவே அதைத் தொடர்ந்து தள்ளும். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவரை இரண்டு பேர் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுவது போலத்தான் இது. அந்தச் செல்லின் வோல்டேஜ் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகும். பிளஸ் மைனஸாகிவிடும். உள்ளே ஹைட்ரஜன் வாயு சேரும், அழுத்தம் ஏறும், சீல் விடும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் வெளியே வரும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உறைந்ததுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி.

இத்தனையும் நடக்கும்போது டார்ச் எரிந்துகொண்டே இருக்கும் என்பதுதான் விஷயமே. கொஞ்சம் மங்கியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. பழையது புதியது மட்டும் அல்ல, வேறு வேறு கம்பெனி, அதிக நேரம் ஓடும் ஆல்கலைனும் மலிவான கார்பன் ஸிங்க் செல்லும், எதைக் கலந்தாலும் இதே கதிதான். ஒரே கருவியிலிருந்து ஒன்றாக எடுத்த ஜோடியை அப்படியே ஜோடியாக டார்ச்சில் போடுவது பரவாயில்லை. கருவியிலிருந்து கழற்றும்போதே இரண்டையும் ஒரு டேப்பால் சுற்றி வையுங்கள். டப்பாவில் கொட்டிவிட்டால் எது எதனுடைய ஜோடி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அதைவிடச் சிறந்த வழி, ஒற்றைச் செல் டார்ச். ஒன்றே ஒன்றுதான் உள்ளே என்றால் தலைகீழாகத் தள்ளிவிட வேறு செல் கிடையாது. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும் என்பதால் இந்த டார்ச்சுகளுக்குள் வோல்டேஜை உயர்த்தும் சின்ன சர்க்யூட் ஒன்று இருக்கும். நல்ல சர்க்யூட் 0.9 வோல்ட்டுக்குக் கீழேயும் உறிஞ்சும். லோ மோட், அதாவது குறைந்த வெளிச்சத்தில் எரியும் வசதி, உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 600 மில்லியாம்பியர் மணி மிச்சமுள்ள செல்லில் 20 மில்லியாம்பியர் இழுத்தால் கணக்குப்படி 30 மணி நேரம். கடைசி நேரத்தில் மங்கும், ஆனாலும் இரவில் எழுந்து நடமாட, அலமாரிக்குள் தேட அந்த வெளிச்சம் தாராளம்.

எந்தச் செல்லில் எவ்வளவு மிச்சம்? வோல்டேஜை அளக்கும் மல்டிமீட்டரை வெறுமனே வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஓய்வெடுத்த செல் வோல்டேஜை மீட்டுக்கொண்டு 1.4 கூடக் காட்டும். ஒரு 10 ஓம் ரெசிஸ்டரைச் செல்லின் இரு முனைக்கும் குறுக்கே பிடித்துக்கொண்டு, சில நொடி கழித்து அளவிடுங்கள். 1.2 வோல்ட்டுக்கு மேல் நின்றால் டார்ச்சில் வெகுநேரம் ஓடும். இந்தச் சுமையில் 0.9க்குக் கீழே இறங்கினால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, கழித்துவிடுங்கள். கீழே போட்டுப் பார்த்து, துள்ளினால் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டும் வித்தையை நம்ப வேண்டாம். 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். ஆல்கலைன் செல் பாதி தீர்வதற்குள்ளேயே முழு உயரத்துக்குத் துள்ள ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் அதில் மாற்றமே இல்லை. பாதி சக்தி உள்ள செல்லைத்தான் நீங்கள் குப்பையில் போடுவீர்கள். வெயிலில் காயவைப்பது, அடுப்புப் பக்கம் சூடாக்குவது, பல்லால் கடிப்பது பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை. செய்யாதீர்கள்.

கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் டார்ச்சுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. காலியான ஆல்கலைன் செல்தான் அதிகம் கசியும். வெளிச்சம் மினுக்மினுக்கென்று ஆனதும் அன்றே கழற்றுங்கள், ‘இன்னும் ஒரு ராத்திரி’ வேண்டாம். ஸ்விட்ச் விஷயத்திலும் கவனம். ‘டிக்’ என்று அழுந்தி நிற்கும் மெக்கானிக்கல் ஸ்விட்ச் இணைப்பை முழுதாகத் துண்டிக்கும். மெதுவாகத் தொட்டாலே வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச், டார்ச் அணைந்திருக்கும்போதும் துளித்துளியாக இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட டார்ச்சில் பாதி தீர்ந்த செல்லைப் போட்டு இழுப்பறையில் மாதக்கணக்கில் வைத்தால் என் மேசைக்கு இன்னொரு டார்ச் வரும்.

ஏற்கெனவே கசிந்துவிட்டதா? வெறும் கையால் தொடாதீர்கள், ஊதாதீர்கள். அது தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம். கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். கார்பன் ஸிங்க் செல் கசிவது அமிலத்தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். கண்ணில் பட்டால் தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வழி பாருங்கள்.

இந்தத் தீர்க்கும் வேலை முழுக்க ஆல்கலைன், கார்பன் ஸிங்க் செல்களுக்கு மட்டும். ரீசார்ஜ் செல்லை இப்படி வற்ற வைத்தால் அதன் ஆயுள் போய்விடும். நிக்கல் வகையென்றால் 1 வோல்ட்டிலேயே எடுத்துச் சார்ஜில் போடுங்கள். லித்தியம் அயான் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். சிஆர்123 எனும் 3 வோல்ட் லித்தியம் செல்களில் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால் கசிவோடு நிற்காது, டார்ச் கையிலேயே வெடிக்கலாம். புகை எச்சரிக்கைக் கருவியிலும், அவசரத்துக்கென்று எடுத்துவைத்திருக்கும் டார்ச்சிலும் எப்போதும் புதிய செல்தான் இருக்க வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

சாவிக்கொத்து டார்ச்சில் இருக்கும் வட்டமான பட்டன் செல்லைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எரியாத அளவுக்குத் தீர்ந்துபோனதிலும், குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் அளவு சக்தி மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய காயத்தை உண்டாக்கிவிடும். கழற்றிய கையோடு இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத மூடிய டப்பாவில் போட்டு, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.