அனோட்டேஷன் தாயத்து அல்ல

சம்பள நாள் இரவு. வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி, காலி வீதியைக் கடக்க நிற்கிறேன். அலுவலகத்துத் தம்பி கோல் எடுத்தான்.

"அண்ணா, ஒராளின்ர கணக்கில 5,000 ரூபா கழிஞ்சிட்டுது. மற்றாளுக்குப் போய்ச் சேரேல்லை. ட்ரான்சாக்ஷனல் போட்டுத்தானே இருக்கு, பிறகேன் ரோல்பேக் ஆகேல்லை?"

போட்டுத்தான் இருந்தது. ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வர்க்கில் ஒரு மெதட்டின் தலையில் எழுதும் குறிப்பு (அனோட்டேஷன்) அது. உள்ளே நடக்கும் டேட்டாபேஸ் மாற்றங்கள் ஒன்றில் முழுவதும் பதிவாகும் (கமிட்), இல்லையேல் முழுவதும் பழையபடி ஆகும் (ரோல்பேக்). முதல் வரியில் பணம் கழியும், அடுத்த வரியில் மற்றவர் கணக்கில் சேரும். பெறுபவரின் கணக்கு முடக்கப்பட்டிருந்ததால் இரண்டாவது வரி ஒரு எக்செப்ஷனை (பிழை அறிவிப்பை) வீசியது. அது செக்ட் எக்செப்ஷன், அதாவது கையாளச் சொல்லி ஜாவா கம்பைலரே கட்டாயப்படுத்தும் வகை. ஸ்பிரிங் எதையும் குறிப்பாகச் சொல்லாவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லாத ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே ரோல்பேக் செய்யும். செக்ட் எக்செப்ஷன் வெளியே போனால் கமிட்தான். ஸ்பிரிங்குக்கு முந்திய ஜாவா முறையான ஈஜேபி காலத்து வழக்கம் இது: செக்ட் என்றால் எதிர்பார்த்த வியாபார முடிவு, பிழையல்ல என்ற எண்ணம். பணம் கையாளும் இடத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அனோட்டேஷனில் 'ரோல்பேக் ஃபார்' என்று எக்செப்ஷன் வகுப்பை (கிளாஸை) கொடுத்தால் சரி. ஸ்பிரிங் 6.2இலிருந்து எல்லா எக்செப்ஷனுக்கும் ரோல்பேக் என்று முழு அப்ளிகேஷனுக்கும் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் மெதட்டுக்குள்ளேயே பிடித்து, லொக்கில் ஒரு பதிவு மட்டும் எழுதி விழுங்கிவிட்டால் இரண்டும் உதவாது. வெளியே வராத எக்செப்ஷனை ஸ்பிரிங் எப்படிக் காணும்?

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். ஒரே வகுப்புக்குள் ஒரு மெதட் இன்னொரு மெதட்டைக் கூப்பிடும். அனோட்டேஷன் இரண்டாவதில் மட்டும் இருக்கும். அது வேலை செய்யாது. கோட்டைப் பக்கத்துக் கட்டடங்களில் கார்ட்டை வாசலில்தான் காட்டுகிறோம். உள்ளே வந்தபின் அறைக்கு அறை போக யாரும் கேட்பதில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை இடைமறித்து ட்ரான்சாக்ஷனைத் தொடங்கும் ஸ்பிரிங்கின் ப்ராக்ஸியும் அந்த வாசல்தான். மெதட்டை வேறு வகுப்புக்கு மாற்றுங்கள்.

அப்புறம் கனெக்ஷன். டேட்டாபேஸ் கனெக்ஷன்களைச் சேர்த்து வைத்து மாறி மாறிக் கொடுக்கும் ஹிகாரி பூலில் நாம் மாற்றாவிட்டால் இருப்பது 10 கனெக்ஷன். ட்ரான்சாக்ஷனுக்குள் நின்றுகொண்டே எஸ்எம்எஸ் அனுப்பினால், எதிர்ப்பக்க சேர்வர் பதில் சொல்லும்வரை ஒரு கனெக்ஷன் சும்மா பிடிபட்டிருக்கும். பத்தும் அப்படி மாட்டினால் பதினோராவது ஆள் 30 விநாடி காத்திருந்து எரர் வாங்குவார். எஸ்எம்எஸ்ஸைக் கமிட்டுக்குப் பிறகு அனுப்புங்கள். எப்போதும் புதிதாக ஒரு ட்ரான்சாக்ஷனைத் தொடங்கச் சொல்லும் 'ரிக்வயர்ஸ் நியூ' இதைவிட மோசம். வெளி ட்ரான்சாக்ஷன் தன் கனெக்ஷனை விடாமலே உள்ளே இன்னொன்றைக் கேட்கும். ஒரே நேரத்தில் ஓடும் பத்து த்ரெட்டும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கு நின்றால், யாருக்கும் கிடைக்காது. ஆடிட் பதிவுக்கென்று யோசிக்காமல் இதைப் போட்டு ஒரு முறை நானே மாட்டியிருக்கிறேன்.

சரி, டெஸ்ட்டில் ஏன் பிடிபடவில்லை? டெஸ்ட் வகுப்பின் தலையிலும் ட்ரான்சாக்ஷனல் போட்டிருந்தோம். அப்படிப் போட்டால் முடிவில் எல்லாமே ரோல்பேக் ஆகும். உண்மையில் கமிட் ஆகியிருக்குமா என்பது தெரியவே வராது. இப்போது பணம் தொடும் டெஸ்ட்களில் அதை எடுத்துவிட்டோம். வேண்டுமென்றே எக்செப்ஷனை வீசி, பிறகு புதிதாக ஒரு குவெரி போட்டுக் கணக்கு மீதியைப் பார்க்கிறோம். ட்ரான்சாக்ஷன் மனேஜரின் டிபக் லொக் பதிவுகளைத் திறந்து, கமிட் என்று வருகிறதா ரோல்பேக் என்று வருகிறதா என்றும் தம்பியே பார்த்துவிடுகிறான்.