கடை சர்வரில் டேட்டாபேஸ்: வெறும் டிஸ்க்கா, ஃபைல் சிஸ்டமா?

தீபாவளி வாரத்தில் மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் பில் சர்வர் திணறினால் ஒரு யோசனை கிளம்பும்: ஃபைல் சிஸ்டமே (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் அடுக்கு) இல்லாமல் டிஸ்க்கை அப்படியே டேட்டாபேஸிடம் கொடுத்துவிட்டால் என்ன? வேகம் கொஞ்சம் கூடலாம். ஆனாலும் கடைக்கு அது வேண்டாம்.

டேட்டாபேஸ் தகவலைப் பக்கம் பக்கமாக எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கேபி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் 16 கேபி. ஃபைலில் வைத்தால், அந்தப் பக்கம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதை லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 தேடிச் சொல்ல வேண்டும். அதே பக்கம் டேட்டாபேஸின் சொந்த நினைவகமான பஃபரிலும், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் கேஷிலும் இருப்பதால் ரேமும் இருமடங்கு போகும். 8 ஜிபி ரேம் உள்ள சர்வரில் இது நன்றாகவே உறைக்கும்.

இதற்காக ஃபைல் சிஸ்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. இன்னோடிபியின் ஃப்ளஷ் மெதடை (டிஸ்க்கில் எழுதும் முறைக்கான செட்டிங்) ஓ_டைரக்ட் என்று வைத்தால் டேட்டா ஃபைல்கள் கெர்னல் கேஷைத் தொடாது. போஸ்ட்கிரெஸ் கெர்னல் கேஷை நம்பியே இயங்குவதால், அதன் சொந்த பஃபரான ஷேர்ட் பஃபருக்கு மொத்த ரேமில் கால்பங்கு கொடுத்துத் தொடங்கலாம்.

வெறும் டிஸ்க்கில் வைத்தால் ஆபத்து பெரும்பாலும் மனிதர் கையால்தான் வரும். டிஸ்க்கில் ஃபைலே தெரியாது. புதிதாக வந்த டெக்னீஷியன் காலி டிஸ்க் என்று நினைத்து ஃபார்மேட் போட்டால் கணக்கு மொத்தமும் போச்சு. வெறும் டிஸ்க்கைப் பயன்படுத்த, இன்னோடிபியின் செட்டிங்கில் முதல்முறை 'நியூரா' என்று கொடுத்து, டிஸ்க்கில் ஒதுக்கிய பகுதியான பார்ட்டிஷனைத் தயார் செய்ய வேண்டும். பிறகு அதை 'ரா' என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் டேபிள்களை உருவாக்கிவிட்டால், அடுத்த ரீஸ்டார்ட்டில் பார்ட்டிஷன் மறுபடி முதலிலிருந்து தயாராகும், போட்டதெல்லாம் அழியும். மேலும் மைஎஸ்கியூஎல் 5.6 முதல் ஒவ்வொரு டேபிளும் தனி ஃபைலில் போவதே வழக்கநிலை. அதை அணைக்காவிட்டால் ரா பார்ட்டிஷனுக்குள் டேபிள்கள் வரவே வராது.

ரா டிவைஸை, அதாவது வெறும் டிஸ்க்கை, நீண்டகாலம் ஆதரித்த ஆரக்கிள் டேட்டாபேஸ்கூட 10ஜி பதிப்பில் ஏஎஸ்எம் என்ற தன் சொந்த டிஸ்க் நிர்வாக அடுக்கைக் கொண்டுவந்தது. லினக்ஸ் தன் ரா டிரைவரை 2021இல், 5.14 கெர்னலில் நீக்கிவிட்டது.

கரண்ட் போகும்போதுதான் உண்மையான சோதனை. 8 கேபி பக்கம் இரண்டு 4 கேபி பிளாக்குகளாக இறங்குகிறது. முதல் பிளாக் ஏறியதும் கரண்ட் போனால் பாதிப் பக்கம் புதுசு, பாதி பழசு. இஎக்ஸ்டி4இன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) வழக்கமாக மெட்டாடேட்டாவுக்கு, அதாவது ஃபைல்களைப் பற்றிய விவரங்களுக்கு, மட்டுமே காவல், இந்தப் பக்கத்தை அது மீட்காது. வெறும் டிஸ்க்கிலும் இதே கதிதான். அதனால்தான் செக்பாயிண்டுக்கு (ரேமில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் இறக்கிவைக்கும் கட்டம்) பின் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது போஸ்ட்கிரெஸ் அதை முழுசாக லாகில் (மாற்றங்களின் பதிவேட்டில்) எழுதுகிறது; இன்னோடிபி டபுள்ரைட் என்ற தனிப் பகுதியில் ஒரு நகல் வைக்கிறது. வேகத்துக்காக இவற்றை அணைக்கவே கூடாது.

'எழுதியாச்சு' என்று சொல்லிவிட்டுத் தன் கேஷிலேயே வைத்துக்கொள்ளும் டிஸ்க்குகளும் உண்டு. கையிலுள்ளது அப்படிப்பட்டதா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றும். ஆகவே ஒரே கனெக்‌ஷனில், ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஏறக்குறைய 120 கமிட்டுக்கு (மாற்றத்தை உறுதிசெய்து டிஸ்க்கில் பதிப்பது) மேல் போகாது. ஆயிரம் என்று காட்டினால் ரைட் கேஷை அணைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸுடன் வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவி இதை அளக்க உதவும். எஸ்எஸ்டி சுற்றுவதில்லை, எனவே அதற்கு இந்தக் கணக்கு செல்லாது. மின்தடைப் பாதுகாப்புக்குக் கப்பாசிட்டர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பல மணி நேரம் நீளும், எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் அதுவரை தாங்காது. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி இறங்குமுன் சர்வர் தானாக ஷட்டவுன் ஆகும்படி வைத்துவிடுங்கள்.