ரெண்டு யன்னலுக்கு நடுவில நிக்கிற துண்டுச் சுவர்ல தயவுசெய்து கை வைக்காதேங்கோ

இப்பிடி ஒரு துண்டுச் சுவரைக் கொத்தின வீட்டுக்கு நான் போனது, இந்த வருசத்தில இது நாலாவது தரம். அதனாலதான் இண்டைக்கு மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இருந்து எழுதுறன், அங்கங்க குரல் உயந்திருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன மாசம் முதல் கிழமை, வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கை. பழைய ரெண்டு மாடி வீடு. வீட்டுக்காரி அம்மாவோட கோயிலுக்குப் போற அன்ரி ஒராள். கீழ முன்னறையைக் கடைக்கு வாடகைக்குக் குடுக்கப் போறா, வாறவருக்கு முன்பக்கம் முழுக்கத் திறந்து ஷட்டர் போட வேணுமாம். ஆனா அவ எனக்குக் கோல் எடுத்தது அதுக்கில்லை. "தம்பி, மூண்டு நாளா மேல்மாடி அறைக்கதவு பூட்டுப்படுதில்லை, மழைக்கு மரம் ஊதிட்டுது எண்டு தச்சுவேலைக்காரரைக் கூப்பிட்டுச் சீவினனான், அடுத்த நாளே திரும்ப இறுகிட்டுது, நேரம் இருந்தா ஒருக்கா வந்து பாருங்கோவன்" எண்டா. நான் கேட்டன், "அன்ரி, கீழ ஏதும் வேலை நடக்குதோ?" "ஓம், மேசன் பாஸ் சுவர் உடைக்கிறார்." அந்த ஒரு சொல்லோட நான் வெளிக்கிட்டிட்டன்.

முன்பக்கத்தில ரெண்டு யன்னல், ஒவ்வொண்டும் 6 அடி. நடுவில 2 அடி அகலம், 9 அங்குலத் தடிப்பில செங்கல்லுத் துண்டு ஒண்டு. அதை நெஞ்சு உயரத்தில ரெண்டு பக்கத்தாலயும் கொத்தி, நடுவில ஒரே ஒரு கல்லின்ர நீளத்துக்கு மட்டும் விட்டிருக்கு. 24 அங்குலம் நிண்ட இடத்தில 9 அங்குலம். மேல லின்டல், அதுதான் யன்னல் வாய்க்கு மேல குறுக்காப் போடுற பாளம், அதின்ர மூலையில இருந்து படிப்படியா ஒரு வெடிப்பு ஏறிப் போகுது. பழைய வெடிப்பு எண்டா உள்ளுக்கு ஊத்தையா இருக்கும், சிலந்தி வலை கூட இருக்கும். இது பச்சை வெடிப்பு, உள்ளுக்கு செங்கல்லுச் சிவப்பு அப்பிடியே தெரியுது, சாந்துத் தூள் இன்னும் கீழ கொட்டிக்கொண்டு இருக்கு. வெடிப்பு முடியிற நுனியில பென்சிலால ஒரு கோடு போட்டு 4.10 எண்டு எழுதினன். 4.45க்குத் திரும்பிப் பாக்க, வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி நகத்தளவு போயிருக்கு.

வீட்டில இருந்த எல்லாரையும் வெளியில எடுத்தாச்சு. பாஸ் மட்டும் விளங்காம நிக்கிறார், நல்ல மனுசன், வேலையும் சுத்தம். "சேர், இதுக்குள்ள கம்பி இல்ல, வெட்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன், இது தூண் இல்ல, சும்மா அடைப்புச் சுவரு."

இந்த வசனத்தைத்தான் நான் நாலு வீட்டிலயும் கேட்டனான். பாஸ் சொல்லுவார், கொந்தராத்துக்காரர் சொல்லுவார், வெளிநாட்டில இருந்து வீடியோ கோல்ல வேலை பாக்கிற மகன் சொல்லுவார். கம்பி இருந்தாத்தான் தூணாம், கம்பி இல்லாட்டி அது சும்மா நிக்கிற சுவராம்.

எங்கட நாட்டில கம்பி போட்ட கொங்கிறீட் வீட்டு வேலைக்குப் பரவலா வந்து எத்தினை காலம்? அதுக்கு முதல் கட்டின கொழும்பு வீடுகளை என்ன தாங்கினது? கொட்டாஞ்சேனையில, கொச்சிக்கடையில, பம்பலப்பிட்டி உள் ஒழுங்கைகளில இண்டைக்கும் நிக்கிற பழைய வீடுகள் கபுக்கல்லும் (மண்ணில இருந்து வெட்டி எடுக்கிற செம்புறைக்கல்) சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும். அந்தச் சுவர்தான் தூண். யன்னலுக்கும் கதவுக்கும் வாய் விட்ட பிறகு இடையில மிஞ்சி நிக்கிற துண்டு இருக்கே, அதுக்கு எங்கட தொழில்ல பியர் எண்டு பேர். யன்னல் வாய்க்கு மேல இருக்கிற பாரம் லின்டலுக்கால ரெண்டு பக்கமும் ஒதுங்கி வந்து அந்தத் துண்டிலதான் இறங்குது. வாய் பெரிசாகப் பெரிசாக அந்தத் துண்டு தூக்கிற பாரம் கூடும். கல்லும் செங்கல்லும் இழுத்தாத்தான் விட்டுக்குடுக்கும், அமத்தினா லேசில அசையாது, நேரா மேல இருந்து அமத்திற பாரத்துக்குக் கம்பி தேவையே இல்லை.

தெமோதரையில ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போய்ப் படம் எடுக்காத ஆள் இல்லை. 1921இல கட்டினது, 300 அடி நீளம், 80 அடி உயரம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு எண்டு ஒரு துண்டும் இல்லை. நூறு வருசத்துக்கு மேல அதுக்கு மேலால ரயில் போகுது. கம்பி இல்லாதது தூண் இல்லை எண்டா அந்த ரயில் எதுக்கு மேல ஓடுது?

சரி, அன்ரி வீட்டுக் கணக்கைப் பாப்பம். ரெண்டு யன்னலிலயும் பாதிப் பாதி, அதோட அந்தத் துண்டின்ர 2 அடி, எல்லாமா 8 அடி நீளத்துப் பாரம் அதில. மேல்மாடித் தட்டு 12 அடி போகுது, அதில பாதி இந்தப் பக்கம். அதுக்கு மேல 10 அடி உயரத்துக்கு 9 அங்குலச் சுவர். கூரையை விட்டிட்டுப் பாத்தாலே கிட்டத்தட்ட 6 தொன் வருது. மூண்டு ஹையேஸ் வானை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வச்ச மாதிரி நினையுங்கோ. அது 24 அங்குலத்தில நிண்டது, இப்ப 9 அங்குலத்தில நிக்குது, அதுவும் ரெண்டு பக்கமும் சுத்தியல் அடி வாங்கி ஆட்டங்கண்ட கல்லில. இதைச் சொல்லி முடிக்க பாஸ் ஒண்டும் பேசேல்லை, தானே ஓடிப்போய்ப் பக்கத்துச் சைட்டில ஜக், அதுதான் தட்டுக்கு முட்டுக் குடுக்கிற இரும்புக் கால், கேட்டவர். இரவு எட்டரைக்கு பன்ரண்டு ஜக்கும் பலகையும் ஏத்தி இறுக்கின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நாங்கள் பீம் போட்டிட்டுத்தானே எடுக்கிறம்" எண்டு சில பேர் சொல்லுவினம். அதிலயும் ஒரு கண்டம் இருக்கு. நடுத் துண்டை எடுத்தா வாய் 14 அடி ஆகும், பீம் அந்த 6 தொன்னையும் தூக்கி ரெண்டு கரையிலயும் வைக்கும். கரையில இருக்கிற பழைய சுவரும் அதுக்குக் கீழ இருக்கிற கருங்கல் அத்திவாரமும் அந்தப் பாரத்துக்குக் கட்டினதோ? பீமின்ர நுனி குந்திற இடத்தில செங்கல் நொறுங்கிக் கிடந்த வீட்டையும் இந்த வருசம்தான் பாத்தன்.

பியர் எண்ட சொல்லைக் கேட்டா எங்கட ஆக்களுக்கு உடன ஞாபகம் வாறது தலைமன்னார் பியர். ஊரின்ர பேரே அப்பிடித்தான். ரயிலில போய் இறங்கி, அந்தத் துறையில கப்பல் ஏறி ராமேஸ்வரம் போன கதையை அப்பா ஆக்கள் இப்பவும் சொல்லுவினம். கடலுக்குள்ள கால் ஊண்டி, மேல தட்டுப் போட்டு, கப்பல் அணையிற ஆழத்துக்குக் கொண்டுபோறதுக்கும் பியர் எண்டுதான் பேர். அதைக் காலில நிப்பாட்டிறதுக்குக் காரணம் இருக்கு. அலையும் நீரோட்டமும், முக்கியமா மணலும் கீழால போக வேணும். கரையோரம் மணல் ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்கு நடந்துகொண்டே இருக்கும், குறுக்க கல்லைக் கொட்டி மறிச்சா ஒரு பக்கம் மணல் குவியும், மற்றப் பக்கம் கரை கரைஞ்சு போகும். கிழக்குக் கரையில இருக்கிற ஒலுவில் ஆக்களைக் கேளுங்கோ. துறைமுகத்துக்கு அலைதடுப்பு போட்ட பிறகு வாய்க்குள்ள மணல் அடைச்சதையும், வடக்குப் பக்கம் கரையையும் தென்னையையும் கடல் எடுத்ததையும் அவையள் சொல்லுவினம். கொழும்புத் துறைமுகத்தின்ர தென்மேல் அலைதடுப்பு வேற வேலை செய்யுது, அது அலையை மறிக்கத்தான் கட்டினது, 1875இல அடிக்கல் வச்சு 1885இல முடிச்சது. மறிக்கிற சுவர் ஒண்டு, விட்டுக்குடுத்து நிக்கிற கால் ஒண்டு. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் சின்ன மீன்பிடித் துறை கேக்கிற இடத்திலயும் "கல்லைக் கொட்டினாக் காணும்" எண்டு கதைக்கினம்.

பாலத்தில ரெண்டு கரையிலயும் இருக்கிறதை விட்டா, நடுவில நிக்கிற கால் எல்லாம் பியர்தான். 1895இல விக்டோரியா பாலம் வர முதல் களனி ஆத்தைக் கடந்தது படகுகளை வரிசையாக் கட்டி மேல பலகை போட்ட பாலத்தால, அங்க ஒவ்வொரு படகும் மிதக்கிற ஒரு கால். பிறகு கால் ஆத்துக்குள்ள இறங்கிச்சுது. இறங்கின நாளில இருந்து அதுக்குப் பெரிய எதிரி காலடி மண் போறது. வெள்ளத்தில பாலம் போனா "தண்ணி இடிச்சு உடைச்சது" எண்டு சொல்லுவம், அனேகமா நடக்கிறது தண்ணி அடியைத் தோண்டி எடுக்கிறதுதான். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில எத்தினை பாலம் இழந்தம்.

இதுக்குள்ள நாங்களே மணலும் அள்ளுறம். போர்த்துக்கல்ல டோரோ ஆத்துக்கு மேல இருந்த ஹின்ட்ஸ் ரிபெய்ரோ பாலம், 1887இல கட்டினது, 2001 மார்ச் 4 இரவு கால் ஒண்டு சரிஞ்சு ஒரு பஸ்சும் கார்களும் ஆத்துக்குள்ள, 59 உயிர். வருசக்கணக்கா மணல் அள்ளி அள்ளிக் காலடி இறங்கிப் போனதுதான் காரணம். களனியில, மகா ஓயாவில இரவில மணல் ஏத்திற லொறியைப் பாக்கேக்க எனக்கு அந்தப் பஸ்தான் கண்ணுக்குள்ள நிக்கும். வீடு கட்டிறவை மணல் எங்க இருந்து வருது எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோ, விலை குறைய எண்டு மட்டும் பாக்காதேங்கோ.

அமெரிக்காவில பால்ட்டிமோரில 2024 மார்ச் 26 அதிகாலை டாலி எண்ட கப்பல் போய் ஒரு பாலக் காலில மோதினது. அந்தக் கப்பல் வெளிக்கிட்டது எங்கட கொழும்புக்கு. ஒரு கால் போக பாலத்தின்ர நடுப் பகுதி முழுக்க ஆத்துக்குள்ள, மேல ரோட்டு வேலை செய்துகொண்டிருந்த 6 தொழிலாளர் செத்துப்போச்சினம். கொள்ளுப்பிட்டியில கார் பார்க்கிங் தளத்தில தூணில கார் இடிச்சு மூலை உடைஞ்சிருக்கிறதைக் காட்டி "பெயின்ற் அடிச்சா சரி" எண்டு ஒருத்தர் சொல்லேக்க எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. தூண் மேல இருந்து வாற பாரத்துக்குத்தான் கட்டிறது, பக்கத்தால வாற அடியைத் தாங்கிறதுக்குத் தனியாக் கணக்குப் பாக்க வேணும், உடைஞ்ச மூலையை ஆராவது தெரிஞ்ச ஆள் தட்டிப் பாக்க வேணும்.

இன்னொண்டு, மரைன் டிரைவ் பக்கம் பிளட்டில இருக்கிறவைக்கு. கடல் உப்பு உள்ள போய்க் கம்பி கறள் பிடிச்சா ஊதும், ஊதினா கொங்கிறீட்டைத் தள்ளி உடைக்கும். தூணில நெடுக்கா ஒரு வெடிப்பு, அதில மண்ணிறமாக் கறை. அதுக்கு மேல சீமெந்து பூசிப் பெயின்ற் அடிக்கிறது வருத்தக்காரருக்குப் பவுடர் போட்டு விடுற மாதிரி. கறளை சுரண்டி எடுத்து, கம்பி எவ்வளவு மிஞ்சியிருக்கு எண்டு அளந்து பிறகுதான் மூட வேணும். அசோசியேசன் கூட்டத்தில காசு சேக்கிறது கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும், லிப்டுக்கு முதல் தூணுக்குச் சேருங்கோ.

வயர் பைப் தாக்கிற ஆக்களுக்கும் சொல்ல வேணும். யன்னலுக்கு இடையில இருக்கிற துண்டில குறுக்கா காடி வெட்டாதேங்கோ. சுவர்த் தடிப்பில நெடுக்கா மூண்டில ஒரு பங்கு, குறுக்கா ஆறில ஒரு பங்கு, அதுக்கு மேல கிரைண்டர் போகக்கூடாது. 9 அங்குலச் சுவரில குறுக்கா ஒண்டரை அங்குலம், அவ்வளவுதான். பியரில அதுவும் வேண்டாம், சுத்திக் கொண்டுபோங்கோ, நாலு அடி பைப் கூடப் போகும், போகட்டும்.

சுவர் உடைக்கிறதெண்டா முதல் மேல்மாடிக்கு ஏறிப் பாருங்கோ, அதே இடத்தில மேல என்ன நிக்குது, தட்டு எந்தப் பக்கம் போகுது எண்டு. விளங்கேல்லையோ, ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் ஒராளைக் கூப்பிடுங்கோ, ஒருக்கா வந்து பாக்கிற காசு உங்கட ஷட்டர் காசில ஒரு துளி. வேலை நடக்கேக்க கதவு இறுகினா, யன்னல் கண்ணாடி தானா வெடிச்சா, சாந்து கொட்டினா, உடன நிப்பாட்டி ஆக்களை வெளியில எடுங்கோ. நாளைக்குப் பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ. வங்காளதேசத்தில ரானா பிளாசா விழ முதல் நாளே வெடிப்புக் கண்டது, கீழ வங்கி தன்ர ஆக்களை வர வேண்டாம் எண்டது, தையல் வேலைப் பிள்ளையளை மட்டும் உள்ள போகச் சொன்னவை. 1100க்கு மேல உயிர். சியோலில 1995இல சம்பூங் கடைத்தொகுதி விழுந்து 502 பேர் செத்தவை, அங்க எஸ்கலேட்டருக்கு இடம் எடுக்கத் தூணை வெட்டினவை. எங்கட வெள்ளவத்தையிலயே 2017 மே மாசம் மாடிக்கட்டிடம் ஒண்டு விழுந்த அண்டைக்கு ரோட்டெல்லாம் நிண்ட சனத்தில நீங்களும் ஒராளா இருந்திருப்பியள்.

அன்ரி வீட்டில இப்ப ரெண்டு கரையிலயும் தனி அத்திவாரம் எடுத்துக் கொங்கிறீட் தூண், மேல பீம். பீம் ஊத்தி இண்டைக்கு 12 நாள். பின்னேரம் கோல் எடுத்தவ, கடைக்காரர் அவசரப்படுறாராம், ஜக்கைக் கழட்டலாமோ எண்டு கேட்டா. 21 நாள் நிக்க வேணும், இன்னும் 9 நாள் இருக்கு அன்ரி, ஆரையும் கிட்டப் போக விடாதேங்கோ, நான் வந்து பாத்து என்ர கையாலதான் முதல் ஜக்கை இளக்குவன் எண்டு சொல்லியிருக்கிறன்.