அடக்கம்: ஆப்பரேட்டிங் காஸ்ட்டுக்கு நம் கடைத்தெருச் சொல்

‘ஆப்பரேட்டிங் காஸ்ட்’ என்பதை ‘இயக்கச் செலவு’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ‘ஆப்பரேட்’ வேலையைக் குறிக்கும் ‘ஓபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘காஸ்ட்’டின் மூலமான ‘கான்ஸ்டாரே’க்கு, இன்ன விலைக்கு நிற்பது என்று பொருள். நாமும் ‘எல்லாம் சேர்த்து எவ்வளவுக்கு வந்து நிற்கிறது?’ என்றுதானே கேட்கிறோம்.

ஆனால் ‘இயக்கச் செலவு’ என்றதும் டீசல் மட்டும்தான் மனதில் வருகிறது. அதனால் எனக்கு ‘அடக்கம்’ என்ற சொல்லே பிடிக்கும். அடங்கு என்பது வேர். பணிவும் அடக்கம், மண்ணில் புதைப்பதும் அடக்கம், உள்ளே கொண்டிருப்பதும் அடக்கம். விலையில் வருவது இந்தக் கடைசிப் பொருள். ஒரு பொருள் கைக்கு வந்துசேரும் வரை ஆன எல்லாச் செலவும் அதற்குள் அடங்கும். ‘அடக்கத்துக்கே தர்றேன்’ என்று கடைக்காரர் சொன்னால், லாபம் வைக்கவில்லை என்று அர்த்தம்.

பொருள் விற்பவர் அடக்கம் பார்க்கிறார், உழைப்பை விற்பவர்தான் பார்ப்பதில்லை. பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு மீன் பெட்டி ஏற்றும் குட்டியானைக்காரர் (சின்ன சரக்கு வண்டி வைத்திருப்பவர்) ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர டீசல் 600 ரூபாய், வாடகை 1,200 என்றால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று அவருக்குத் தோன்றும்.

போக்குவரத்துக்கான கணக்கியல் முறை செலவை மூன்றாகப் பிரிக்கிறது: வண்டி நின்றாலும் வரும் நிலைச் செலவு, ஓடினால் வரும் ஓட்டச் செலவு, பராமரிப்புச் செலவு. கடற்கரையில் மூன்றாவது கொஞ்சம் கூடுதல். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீரும் உப்புக்காற்றும் தளத்தகட்டை அரிக்கின்றன, டிங்கரிங் வேலை சீக்கிரமே வந்துவிடுகிறது. அப்புறம் இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), டயர், கடன் வட்டி, வண்டியின் தேய்மானம். (தேய்மானம் எழுதினால் தவணையின் அசலை எழுத வேண்டாம், ஒன்றே இரண்டு முறை வந்துவிடும்.) இதெல்லாம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்று வைப்போம்.

இதை 365 நாளுக்குப் பிரித்தால் தவறாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்றும் நாள்கள் போகும். ஓடுவது 240 நடை என்றால் நடைக்கு 500 ரூபாய். டீசலோடு சேர்த்தால் 1,100. மிச்சம் வெறும் 100. அவருடைய அரைநாள் உழைப்புக்குக் கிடைப்பது அவ்வளவுதான்!

வேறு டிரைவரை அமர்த்தினால் 600 ரூபாய் கூலி கொடுக்க மாட்டாரா? தானே ஓட்டினாலும் அந்தக் கூலி அடக்கத்தில் சேர வேண்டும். அப்போது அடக்கம் 1,700. லாபம் அதற்கு மேல்தான் தொடங்கும். சொந்தக் கூலியை விட்டுவிட்டு ‘கட்டுப்படியாகுது’ என்று சொல்லும் எத்தனையோ பேருடைய உழைப்பு இப்படித்தான் கணக்கில் வராமலே போகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

திரும்பி வரும்போது ராமநாதபுரத்தில் காய்கறி லோடு கிடைத்தால் கணக்கு வேறு. மீன் வாடகையிலேயே முழு அடக்கமும் வந்துவிட்டது என்றால், இந்த நடைக்குப் பாரத்தால் கூடும் டீசலும் ஏற்றி இறக்கும் நேரமும்தான் செலவு. 400 ரூபாய்க்குக்கூட ஒத்துக்கொள்ளலாம். மீன் வாடகை 1,200லேயே நின்றால், அந்த 400 ரூபாய் முந்தைய பள்ளத்தை நிரப்பத்தான் போகும்.