ஒரு பொட்டலம் இரண்டாகப் பிரிந்தது ஏன்?

வட இந்தியப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு ஜோடி இருக்கும். பெரிய பொட்டலத்தில் பான் மசாலா, பக்கத்தில் தொங்கும் சின்னதில் புகையிலை. வாங்குபவர் இரண்டையும் கிழித்து, ஒன்றில் மற்றதைக் கொட்டி, குலுக்கி வாயில் போட்டுக்கொள்கிறார். தடை செய்யப்பட்ட குட்கா அவர் கையிலேயே தயாராகிவிடுகிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதி, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கக் கூடாது என்றது. பாக்கு, காசுக்கட்டி, சுண்ணாம்பு, வாசனைப் பொருள், புகையிலை எல்லாம் கலந்த குட்காவை உணவு என்று கொண்டு, 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் முதலில் தடை போட்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்தது. நோக்கம் சரியானது. 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தும் வயதுவந்தோர் நம் நாட்டில் ஏறக்குறைய 20 கோடிப் பேர். வாய்ப் புற்றுநோயின் பாரத்தை இந்தியா அளவுக்குச் சுமக்கும் நாடுகள் குறைவு.

ஆனால் விதியின் பிடி கலவைமேல்தான் இருந்தது. புகையிலை சேர்க்காத பான் மசாலா அதில் சிக்காது. தனிப் புகையிலையோ 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் கீழ் எச்சரிக்கைப் படத்தோடு விற்கக்கூடிய பொருள். ஆகவே கலக்கும் வேலை மட்டும் தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரிடம் போனது. இந்த இரட்டைப் பொட்டல வியாபாரத்தைத் தடுக்கச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் தடை ஆணையை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வழக்கு முழுக்க ‘எது உணவு, யாருக்கு அதிகாரம்’ என்பதைச் சுற்றியே ஓடியது.

சரி, வாய்க்குள் என்ன நடக்கிறது?

நிகோட்டின் மூலக்கூறு இரண்டு நிலைகளில் இருக்கும். ஒன்றில் அதற்கு மின்னூட்டம் உண்டு, மற்றதில் இல்லை. நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டமுள்ள மூலக்கூறு அதை எளிதில் கடக்காது, மின்னூட்டமில்லாதது சட்டென்று கடந்துவிடும். எந்த நிலையில் எவ்வளவு என்பதைச் சுற்றியுள்ள அமில-கார அளவு, அதாவது பி.எச்., முடிவு செய்கிறது. பி.எச். 7 என்றால் நிகோட்டினில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மின்னூட்டமில்லாமல் இருக்கும். 8 ஆனால் பாதி. 9ஐத் தொட்டால் பத்தில் ஒன்பது பங்கு. பி.எச். கொஞ்சம் ஏறினாலே ரத்தத்துக்குப் போகும் நிகோட்டின் பல மடங்காகிவிடும்.

பான் மசாலாவில் இருக்கும் சுண்ணாம்பு செய்வது இதைத்தான். வாயின் பி.எச்.சை ஏற்றி, பக்கத்துப் பொட்டலத்திலிருந்து வந்த புகையிலையின் நிகோட்டினைக் கன்னத் தோல் வழியே ரத்தத்துக்குள் விடுகிறது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்பது வெற்றிலை போடும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புண்ணும் நச்சுகள் உள்ளே போக வழி திறந்துவிடும். பொருட்களைப் பிரித்து விற்றதால் இந்த வினையில் எதுவும் மாறவில்லை, எச்சில் பட்டதும் அது தொடங்கிவிடுகிறது. கூடவே இன்னொரு கெடுதல். புகையிலை இல்லாத பொட்டலம் பாதகமில்லாதது என்ற எண்ணம் மக்களிடம் பரவியது. அப்படியல்ல. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவை வளரத் தூண்டுகிறது. நாளாக ஆகக் கன்னம் இறுகி, வாயைத் திறப்பதே கடினமாகிவிடும். ஒரு வாய்ச் சோறு ஊட்டக்கூட இடமில்லாத நிலைக்கு இளைஞர்கள் வந்து சேர்வது, பல் மருத்துவமனைகள் அன்றாடம் பார்க்கும் கொடுமை.

இந்த இடத்தில் சுவீடனைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் ‘புகையில்லாப் புகையிலை பரவாயில்லை’ என்று வாதிடுபவர்கள் அந்த நாட்டைத்தான் காட்டுகிறார்கள். அங்கே மேலுதட்டுக்கு அடியில் வைக்கும் ஸ்னூஸ் என்ற புகையிலை உண்டு. 1992இல் ஐரோப்பிய அமைப்பு (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) இதன் விற்பனைக்குத் தடை போட்டது. 1995இல் அதில் சேர்ந்தபோது சுவீடன் மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. மற்ற நாடுகளில் ஸ்னூஸ் கிடையாது, சிகரெட் தாராளமாகக் கிடைக்கும். இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் புகைப்பவர்கள் மிகக் குறைவாக உள்ள நாடு சுவீடன். அங்குள்ள ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் விகிதமும் மிகக் குறைந்த வரிசையில் இருக்கிறது. கூடுதல் ஆபத்தானதைக் கடையில் வைத்துவிட்டுக் குறைந்த ஆபத்துள்ளதை மட்டும் தடுத்தது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் ஸ்னூஸின் கணக்கை நம் ஊர்ப் பொட்டலத்துக்குப் போடவே கூடாது. புகையிலை நொதிக்கும்போதும், சேமிப்பில் கிடக்கும்போதும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் நிகோட்டின் வகைச் சேர்மங்களோடு சேர்ந்தால் நைட்ரோசமீன்கள் பிறக்கும். புகையிலையின் மிக மோசமான புற்றுநோய்க் காரணிகளில் இவையும் உண்டு. சுவீடனில் புகையிலையை நீராவியில் சூடாக்கி அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறார்கள். கடையிலும் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். அதிலும் நிகோட்டின் அடிமைத்தனம் அப்படியே உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. நம் மெல்லும் புகையிலைகள் பலவற்றில் நைட்ரோசமீன் இதைவிட மிக அதிகம்; போதாததற்குப் பாக்கும் சுண்ணாம்பும் வேறு.

அண்டை நாடான பூட்டான் இன்னும் கடுமையான வழியில் போனது. 2004இல் புகையிலை விற்பனையை முழுக்கத் தடை செய்தது; 2010இல் வந்த சட்டம் சிறைத் தண்டனையைக் கொண்டுவந்தது. 2011இல் 120 நுல்ட்ரம் மதிப்புள்ள மெல்லும் புகையிலை வைத்திருந்த இளம் துறவி ஒருவருக்கு 3 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆனாலும் இந்திய எல்லை வழியே கடத்தல் நிற்கவில்லை. 2020இல் கொரோனாவால் எல்லையை மூடியபோது கடத்தல்காரர்கள் வழியே தொற்றும் வந்துவிடும் என்று பயந்து, அரசே கடை வைத்துப் புகையிலை விற்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு சட்டமும் தளர்ந்தது.

ரத்தத்தில் சேர்ந்த நிகோட்டினில் பாதி, சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். அப்புறம் எரிச்சல், படபடப்பு, மறுபடி தேட்டம். சட்டம் எதுவானாலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் பொட்டலத்தைப் பிடுங்கும் அரசு, அந்தத் தேட்டத்துக்கு ஒரு மாற்றும் கையில் கொடுத்தாக வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோட்டின் சூயிங்கம் அப்படி ஒன்று. அதிலும் வாயின் பி.எச்.சை ஏற்றக் காரப் பொருள் சேர்த்திருப்பார்கள். ஆனால் பாக்கு இல்லை, புகையிலைத் தூள் இல்லை. பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று விழுங்கிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். சில முறை மென்று, நாக்கில் மிளகு போன்ற காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, எலுமிச்சை ஜூஸ் குடிக்கக் கூடாது. அந்த அமிலம் பி.எச்.சை இறக்கினால் நிகோட்டின் கன்னத்தைக் கடக்காது. விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச ஆலோசனை எண் 1800-11-2356.