ஃபோர்டியில் "ஒரு நம்பர்ல போச்சு" என்பதன் கணக்கு

ஃபோர்டி (4D) என்பது சிங்கப்பூரின் நான்கு இலக்க லாட்டரி. புதன், சனி, ஞாயிறு குலுக்கல் முடிந்ததும் அங்குள்ள தேக்கா வட்டாரக் காப்பிக்கடைகளில் கேட்கும் பேச்சு இது: "சே, ஒரு நம்பர்ல போச்சு!" சொல்பவருக்கு அது அதிர்ஷ்டம் நெருங்கிவிட்டதன் அறிகுறி. அடுத்த முறை அதே எண்ணில் கூடுதலாகப் போடுவார். சூதாட்டம் எப்படிப் பிடித்துவைக்கிறது என்பது இந்த ஒரு பேச்சிலேயே இருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். பரிசு 23 எண்களுக்கு. அந்த 23-க்கும் பணம் தரும் 'பிக்' முறையில் ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்த நிலையான 'ஸ்டார்ட்டர்' பரிசு பத்துக்குத் தலா 250, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. எல்லா எண்களையும் ஒருவரே தலா ஒரு வெள்ளிக்கு வாங்கினால், எல்லாப் பரிசும் அவருக்குத்தான். ஆனாலும் போட்ட 10,000 வெள்ளியில் திரும்பி வருவது 6,590. முதல் மூன்று பரிசுக்கு மட்டும் பணம் தரும் 'ஸ்மால்' முறையில் 5,800. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, பரிசுப் பட்டியலே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

சரி, அந்த "ஒரு நம்பர்" விஷயத்துக்கு வருவோம். உங்கள் எண் 1234 என்று வையுங்கள். நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் மட்டும் வேறு இலக்கம் வரலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்பது வழி. மொத்தம் 36 எண்கள் உங்கள் எண்ணை ஒட்டி நிற்கின்றன. அதனால் பரிசு விழுவதைவிட, ஓர் இலக்கத்தில் தவறுவது சுமார் 36 மடங்கு அதிகமாக நடக்கும். எல்லாக் குலுக்கலுக்கும் ஒரே எண்ணை வாங்குபவருக்குச் சராசரியாக மாதம் ஒரு முறை அப்படித் தவறும். பரிசு ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் பெரும்பாலும் ஸ்டார்ட்டரோ ஆறுதலோதான்.

கேரம் ஆடும்போது காய் குழியின் விளிம்பில் தட்டி நின்றால், அடுத்த அடியைத் திருத்திக்கொள்ளலாம். நம் மூளை அப்படிக் கற்றுப் பழகியது. மூளை ஸ்கேன் ஆய்வுகளில், மயிரிழையில் தவறும்போதும் வெற்றியில் கிளர்ச்சியடையும் பகுதிகளில் சில விழித்துக்கொள்வது தெரிந்திருக்கிறது. இன்னொரு முறை ஆடும் ஆசையும் கூடுகிறது. குலுக்கலில் திருத்த எதுவுமே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான இடம். 1235 விழுந்தாலும் 8906 விழுந்தாலும், அடுத்த முறை 1234-க்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். ஆண்டுக்குச் சுமார் 156 குலுக்கல் என்று வைத்துப் பாருங்கள்: 44 வருடம் விடாமல் வாங்கினாலும், அது ஒரு முறையாவது விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.