காமாலை வரவில்லையா? அதனால் கல்லீரல் தப்பிவிடவில்லை

போன வாரம் வந்தவருக்கு ஐம்பது வயதுகூட இல்லை. வயிற்றில் நீர் கோத்திருந்தது, கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. கோப்பின் அடியில் மடிப்பு மடிப்பாகக் கசங்கிய ஒரு பழைய ரிப்போர்ட். வருடக்கணக்கில் முன்னால், ரத்ததானம் செய்யப் போனபோது எடுத்த சோதனை. அதில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்று, அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று, தெளிவாக அச்சாகியிருக்கிறது. "அப்ப எனக்கு ஒண்ணுமே பண்ணல டாக்டர். காமாலைகூட வரல, அதான் விட்டுட்டேன்" என்றார். ஸ்கேனில் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது, உள்ளே ஒரு கட்டியும் தெரிந்தது.

'காமாலை வரல.' இதை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்க வேண்டுமோ!

கண் மஞ்சளானால்தான் கல்லீரல் நோய், மஞ்சள் போனால் நோயும் போச்சு என்பது ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்களைப் பார்த்துப் பழகிய நினைப்பு. அவை தண்ணீரிலும் உணவிலும் வந்து, சில வாரம் படுத்திவிட்டு, பெரும்பாலும் முழுசாகப் போய்விடும். பி, சி அப்படியல்ல. அவை ரத்தத்தின் வழியாக வருபவை. உள்ளே வந்தால் தங்கவும் தெரிந்தவை.

ஹெபடைட்டிஸ் பி-யில் காமாலை எப்படி வருகிறது? வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களை நம் எதிர்ப்புச் சக்தி அடித்து நொறுக்கும்போது வருகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் அந்தச் சண்டை நடக்கும், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வைரஸை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சண்டையே நடக்காது. காமாலையும் வராது. அப்படிப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆக, ரிப்போர்ட் பாசிட்டிவாக இருந்து காமாலையும் வரவில்லை என்றால் அது ஆறுதல் இல்லை. எச்சரிக்கை.

'கல்லீரல் என்சைம் நார்மல்' என்பது அடுத்த சமாதானம். என்சைம் நார்மலாக இருக்கும்போதே கல்லீரலில் தழும்பு ஏறிக்கொண்டிருக்கலாம். வைரஸ் அளவு என்ன, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லக் கூடாது. சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கீமோ, ரிடுக்சிமாப் ஊசி, நீண்டகால ஸ்டீராய்டு என எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைத் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பாருங்கள். அடங்கிக் கிடக்கும் வைரஸ் அப்போது மூர்க்கமாகக் கிளம்பி ஆளையே சாய்த்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் 25.4 கோடி பேர் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள். அவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 13 சதவீதம்தான்.

சி-யை நினைத்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் அதைக் குணப்படுத்தவே முடியும். 1989-ல் அடையாளம் காணப்பட்ட வைரஸ். அதைக் கண்டுபிடித்ததற்கு 2020-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் குணம். அந்த மாத்திரை இருந்தும், கல்லீரல் கெட்ட பிறகு வந்து நிற்கிறார்கள்.

பி-க்கு அப்படி முழுக் குணம் இன்னும் கைக்கு வரவில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் மரபுப்பொருளை ஒரு வளையமாகப் பூட்டி வைத்திருக்கிறது. பி-க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் அதை அழிப்பதில்லை, வைரஸ் பெருகாமல் அடக்கி வைக்கும். அதனால்தான் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுக் கல்லீரல் செயலிழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாழ்நாளில் ஒருமுறையாவது பி, சி இரண்டுக்கும் ரத்தம் பாருங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் பார்க்க வேண்டும். குழந்தைக்கு பி தடுப்பூசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பி பாசிட்டிவ் என்றால் மதுவைத் தொடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். பி-யில் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வரலாம்.

அப்புறம், தொற்று உள்ளவரின் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் இது பரவாது. தடுப்பூசி போட்ட குழந்தைக்குத் தாய் பால் கொடுக்கலாம். ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள். பி தொற்றும் அதற்கான எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் பி தடுப்பூசியை எல்லாத் தவணையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.